கல்லுக்குள் எதிரொலி: வாசகர் கேள்வி–பதில்

எண்ணெய், எரிவாயு தேடுவதற்கான சைஸ்மிக் ஆய்வு (பூமிக்குள் அதிர்வு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிந்து பாறை அடுக்குகளைப் படமாக்குவது) பற்றி வந்த கடிதங்களில் சில சந்தேகங்களைப் பலர் ஒரேபோலக் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றுபோல வந்தவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். கணக்கு கொஞ்சம் வரும். காகிதமும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

பல வருடங்களுக்கு முன் எங்கள் வயலில் வரிசையாகத் துளை போட்டு, ஒயர் இழுத்து, லேசாக ஓர் அதிர்வு கொடுத்துவிட்டு இரண்டு நாளில் போய்விட்டார்கள். எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா? எங்கள் போர் தண்ணீர் இறங்கியதற்கு அதுதான் காரணமா? — விவசாயி, மன்னார்குடி

இருக்கிறது, இல்லை என்ற முடிவு எதுவும் வயலில் வைத்துத் தெரியாது. அது எண்ணெய் எடுக்கும் வேலையே அல்ல. சட்டி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, அந்த வேலைதான்.

சுமார் 4 அங்குல விட்டத்தில், 15 முதல் 30 மீட்டர் வரை துளை போடுவார்கள். அடியில் இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரை வெடிமருந்து இறங்கும். மேலே மண்ணும் தண்ணீரும் நிரப்பி இறுக்குவார்கள். இறுக்கம் சரியில்லை என்றால் சக்தி முழுவதும் சேற்றோடு மேலே பீய்ச்சிக்கொண்டு போய்விடும், பூமிக்குள் இறங்காது. அவ்வளவு ஆழம் ஏன் என்றால், மேலாக உள்ள இளகிய மண் பஞ்சு மாதிரி. அதற்குள் வெடித்தால் கூர்மையான அதிர்வு கிடைக்காது.

ஒயரில் 25 அல்லது 50 மீட்டருக்கு ஒன்றாகத் தொங்கியவை ஜியோபோன்கள். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் ஆடும் கம்பிச் சுருள், அடியில் மண்ணில் குத்த ஓர் ஆணி. மண் அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் எழும். வெடித்த பிறகு ஆறு வினாடி பதிவு, 2 மில்லி வினாடிக்கு ஓர் எண். ஆக ஒரு ஜியோபோனுக்கு ஒரு வெடிக்கு 3000 எண்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போனது அந்த எண்களை மட்டும்தான்.

அறுவடை முடிந்த பிறகே இந்த வேலைக்கு வருவதற்குப் பயிர் இழப்பீடு மட்டும் காரணமல்ல. சேற்றில் ஆணி பிடிக்காது. ஆடும் பல் கடிக்க உதவாததுபோல, ஆடும் ஜியோபோன் பதிவுக்கு உதவாது. பக்கத்தில் பம்ப்செட் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் மோட்டார் அதிர்வும் சேர்ந்து பதிவைக் கெடுக்கும்.

போர் விஷயம்: அந்த அளவு மருந்தின் பாதிப்பு துளையைச் சுற்றிச் சில மீட்டருக்குள் அடங்கிவிடும். ஊர் நீர்மட்டத்தை இறக்கும் வலு அதற்குக் கிடையாது. எங்களைக் கேட்டால், வெடியைவிட மூடாமல் விட்ட துளைதான் கவலைக்குரியது. உரம் கரைந்த மேல்நீரும் உப்புநீரும் அதன் வழியே நேராகக் கீழே இறங்கும். வயலில் அப்படி உள்வாங்கிய குழி தென்பட்டால் களிமண் போட்டுத் தட்டி இறுக்கி மூடுங்கள். குழிக்குள்ளிருந்து மெல்லிய இரட்டை ஒயர் எட்டிப் பார்த்தால் இழுக்கவே கூடாது, மூடவும் வேண்டாம். வெடிக்காத மருந்து அடியில் இருக்கலாம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

டெல்டாவில் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகு, அந்த எல்லைக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதற்கே தடை இருக்கிறது.

எதிரொலி எப்படிப் படமாகிறது? ஸ்கேன் எடுப்பது மாதிரிதானே? — பொறியாளர், கோயம்புத்தூர்

ஸ்கேனில் உடம்பைச் சுற்றிக் கருவி வைக்கலாம், உடம்புக்குள் ஒலி போகும் வேகமும் ஏறக்குறைய தெரியும். இங்கே கருவி ஒரு பக்கம்தான், வேகமும் தெரியாது. இந்தத் துறையின் தலைவலி முழுவதும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

தண்ணீரில் அலை வினாடிக்கு 1500 மீட்டர் போகும். இளம் மணற்பாறையில் 2000 முதல் 3000, உப்புப்பாறையில் 4500, கருங்கல்லில் 6000 வரை. ஓர் அடுக்கிலிருந்து வேறு குணமுள்ள அடுத்த அடுக்குக்குப் போகும்போது அலையில் கொஞ்சம் திரும்பி வரும். திரும்பிய நேரம் மட்டும் நம் கையில் இருக்கிறது. ஆழம் வேண்டுமானால் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும்.

வேகத்தை அந்தப் பதிவிலிருந்தே பிழிந்தெடுக்கும் தந்திரம் ஒன்று உண்டு. வெடித்த இடத்திலேயே கேட்டால் எதிரொலி 2 வினாடியில் வருகிறது என்று வையுங்கள். 3000 மீட்டர் தள்ளிக் கேட்டால், சாய்ந்த பாதை நீளம் என்பதால் தாமதமாக வரும். வேகம் 2500 என்றால் 3000ஐ 2500ஆல் வகுத்தால் 1.2, அதன் வர்க்கம் 1.44, இரண்டின் வர்க்கம் 4, கூட்டினால் 5.44, வர்க்கமூலம் 2.332 வினாடி. அதாவது 332 மில்லி வினாடி தாமதம். வேகம் 2500 இல்லை, 2700 என்றால் தாமதம் 290 அளவுக்குக் குறையும். எனவே, பல தூரங்களில் பதிந்த தாமதத்தைப் பார்த்து வேகத்தைக் கணிக்கலாம். கணித்ததும் எல்லாப் பதிவுகளையும் நேராக்கி ஒன்றன்மேல் ஒன்று கூட்டினால், எதிரொலி வலுக்கும், இரைச்சல் தேயும். ஹாரி மேன் 1950களில் காப்புரிமை பெற்ற இந்தக் கூட்டல்தான் இன்றும் அஸ்திவாரம்.

நடைமுறையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஆழத்தில் உள்ள பாறை அல்ல, காலடி மண். 20 மீட்டர் இளகிய மண்ணில் வேகம் 500 என்றால் அலை 40 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். சற்றுத் தள்ளி அதே 20 மீட்டர் கெட்டித் தரையில் வேகம் 2000 என்றால் 10 மில்லி வினாடி போதும். வித்தியாசம் 30. நாம் தேடும் 30 ஹெர்ட்ஸ் அலையின் அரைச்சுற்று வெறும் 17 மில்லி வினாடி. இடைப்பட்ட இடங்களில் தாமதம் இந்த 30க்குள் மாறிக்கொண்டே போவதால், திருத்தாமல் கூட்டினால் ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழும், எதிரொலி தன்னையே தின்றுவிடும். அதனால் அங்கங்கே துளை போட்டு, அதற்குள் பல ஆழங்களில் சிறு வெடி வைத்து, மேல்மண் வேகத்தைத் தனியாக அளந்து கழிப்பார்கள். பழைய ஆற்றுத் தடம் புதைந்து கிடக்கும் இடங்களில் இந்த அளவைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்தால், படத்தில் இல்லாத மேடு ஒன்று முளைக்கும். அதை நம்பிக் கிணறு போட்டால் கேட்கவே வேண்டாம்.

கடைசிப் படி மைக்ரேஷன். எதிரொலி எந்த நேரத்தில் வந்தது என்று தெரியும், எந்தத் திசையிலிருந்து என்று தெரியாது. ஒரு நேரத்துக்கு உரிய புள்ளி, கிண்ணம் போன்ற ஒரு வளைபரப்பில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே எல்லா எதிரொலியையும் அதனதன் கிண்ணம் முழுவதும் பூசிவிட வேண்டும். உண்மையான பாறைப் பரப்பில் பூச்சுகள் ஒன்றுசேர்ந்து தடிக்கும், மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். கிண்ணத்தின் வடிவம் வேகத்தைப் பொறுத்தது. வேகம் தப்பென்றால் படமும் தப்பு.

சைஸ்மிக் பார்த்தே 'இங்கே எண்ணெய் இருக்கிறது' என்று சொல்ல முடியுமா? — ஆசிரியை, கடலூர்

எண்ணெயைச் சொல்வது மிகக் கடினம். வாயுவை ஓரளவு சொல்லலாம். வாயு நிரம்பிய மணற்பாறையில் வேகம் சட்டென்று குறைவதால் அங்கே எதிரொலி பளிச்சென்று தெரியும். 1970களில் இந்தப் பளிச்சை நம்பியே பல கிணறுகள் தோண்டினார்கள். பலித்தவை உண்டு, ஏமாந்தவையும் ஏராளம்.

ஏமாற்றத்துக்குக் காரணம் சோடா. பாறையின் நுண்துளைகளில் வாயு 5–10 சதவீதம்தான், மீதி தண்ணீர் என்றாலும் அந்தக் கலவை அமுங்கும் தன்மை தலைகீழாக மாறிவிடுகிறது. வேகம் குறைவதில் பெரும்பகுதி அந்த முதல் சில சதவீதத்திலேயே முடிந்துவிடும். 10 சதவீத வாயுவும் 80 சதவீத வாயுவும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகவே மின்னும். ஒன்று வியாபாரம், இன்னொன்று சோடா பாட்டில். இதைப் பிரிக்க மின்தடையை அளக்கும் முறையைக் கூடச் சேர்க்கிறார்கள். வாயு பெரும்பகுதியாக நிரம்பியிருந்தால்தான் மின்தடை கூடும். எண்ணெய் தேடுவதற்காகக் கடலில் இதை முதலில் சோதித்தது 2000இல், அங்கோலாவுக்கு அப்பால்.

இன்னொரு எல்லை தடிமன். வேகம் 3000, அதிர்வெண் 30 என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் தலையும் அடியும் தனித்தனியாகத் தெரியாது. எட்டு மீட்டர் மணல் அடுக்கு எண்ணெய்க் கிணற்றுக்குப் பெரிய விஷயம், படத்துக்கு ஒன்றுமே இல்லை.

கும்பகோணத்துக்குக் கீழே கருங்கல் மலையே புதைந்திருக்கிறதாமே? கருங்கல்லில் எண்ணெய் எப்படி இருக்கும்? — கும்பகோணம் வாசகர்

புதைந்த முகடு இருப்பது உண்மை. காவிரிப் படுகை ஒரே பள்ளம் அல்ல. அரியலூர்–புதுச்சேரி, தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று பல பள்ளங்கள், நடுநடுவே கும்பகோணம்–மாதானம், காரைக்கால் போன்ற முகடுகள். பள்ளத்தின் வண்டலில் உருவான எண்ணெய் பக்கவாட்டில் நகர்ந்து, முகட்டின் விரிசல்களில் ஏறித் தங்கும். மாதானத்தில் எண்ணெயும் கடலில் உள்ள பிஒய்-1 வயலில் எரிவாயுவும் கிடைத்தது அப்படித்தான். வியட்நாமின் பாக் ஹோ வயல் இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம்.

முகட்டின் தலை சைஸ்மிக்கில் பளிச்சென்று தெரியும். விரிசல் தெரியாது, அது மில்லிமீட்டர் சமாசாரம். ஆனால் விரிசல்கள் ஒரே திசையில் வரிசையாக இருந்தால், அதன் நெடுக்கே போகும் அலை வேகமாகவும் குறுக்கே போகும் அலை மெதுவாகவும் போகும். எல்லாத் திசையிலிருந்தும் அதிர்வு கொடுத்துப் பதிந்தால்தான் அந்த வித்தியாசம் கிடைக்கும். ஒற்றைக் கோடாக எடுத்த பழைய சர்வேக்களில் அதற்கு வழியே இல்லை.

உப்புக்கு அடியில் இருப்பதை இப்போது பார்க்க முடிகிறது என்கிறார்கள். புதிதாக என்ன வந்தது? — சென்னை, மதுரை, சிங்கப்பூர் வாசகர்கள்

மெக்சிகோ வளைகுடாவில் கடலடிக்குக் கீழே உப்பு, காளான் மாதிரியும் கூடாரம் மாதிரியும் மேலெழும்பிக் கிடக்கிறது. சுற்றியுள்ள வண்டலில் வேகம் 2000–3000, உப்பில் 4500. தண்ணீர் டம்ளருக்குள் கரண்டி ஒடிந்து தெரிவதுபோல, உப்புக்கு அடியில் உள்ள எல்லாமே கோணி, உடைந்து, சில இடங்களில் காணாமலே போய்விடும். அந்த உப்புக்கு அடியில்தான் பெரிய எண்ணெய் வயல்கள்.

முதலில் மாறியது பார்க்கும் கோணம். வழக்கமாக ஒரே கப்பல், அழுத்தக் காற்றை விட்டு அதிர்வு எழுப்பும் ஏர் கன்னையும், பின்னால் எதிரொலியைப் பதியும் 6–8 கிலோமீட்டர் நீள ஸ்ட்ரீமர் கேபிள்களையும் இழுத்துப் போகும். ஆக, வெளிச்சம் எப்போதும் ஒரே திசையில். 2004–05இல் மேட் டாக் வயலில் பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் அதிர்வு கொடுக்கும் கப்பலையும் பதியும் கப்பலையும் பிரித்து, பக்கவாட்டிலிருந்தும் அதிர்வு கொடுத்தது. உப்பின் நிழலில் கிடந்த அடுக்குகள் முதன்முறையாகத் தொடர்ச்சியாகத் தெரிந்தன. பிறகு பக்கத்து அட்லாண்டிஸ் வயலில் பதிவுக் கருவிகளையே கடலடியில் இறக்கிவைத்தார்கள். இவைதான் நோடுகள்: ஜியோபோன் மூன்று திசைக்கு, நீரின் அழுத்தத்தைப் பதியும் ஹைட்ரோபோன் ஒன்று, பேட்டரி, கடிகாரம் எல்லாம் ஒரே பெட்டியில். ரோபோ ஒன்று அவற்றை ஒவ்வொன்றாக வைத்து எடுக்கும். இதில் சறுக்கும் இடம் கடிகாரம். நோடு வாரக்கணக்கில் அடியில் கிடக்கும், செயற்கைக்கோள் நேரம் அங்கே எட்டாது. கடிகாரம் சில மில்லி வினாடி பிசகினாலும் பதிவு முழுவதும் இழுபடும். இறக்கும்போதும் ஏற்றும்போதும் ஒப்பிட்டு, இடையில் நடந்த பிசகைக் கழிக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. முன்பு அலையை ஒளிக்கதிர்போல ஒரு கோடாகப் பாவித்தார்கள். உப்புக் கூடாரத்தின் செங்குத்துச் சுவரில் அந்தக் கோடு தடுமாறும். ரிவர்ஸ் டைம் மைக்ரேஷன் முறையில் அலைச் சமன்பாட்டையே முழுதாகத் தீர்க்கிறார்கள். வெடித்த இடத்திலிருந்து அலையை முன்னோக்கி ஓட்டி, பதிந்த அலையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாறைப் பரப்பு என்று குறிப்பது. யோசனை 1983லேயே வந்துவிட்டது. அதைத் தாங்கும் கணினி வரத்தான் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஏன் என்று பாருங்கள்: 1000 × 1000 × 1000 புள்ளி உள்ள ஒரு பெட்டி. ஒரு காலப் படியில் அலை இருக்கும் நிலையைச் சேமிக்க 4 ஜிபி. 4000 காலப் படிகள் என்றால் ஒரே ஒரு வெடிக்கு 16,000 ஜிபி. வெடிகளோ பல ஆயிரம். எனவே எல்லாவற்றையும் சேமிக்காமல் இடையிடையே சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திரும்பக் கணக்கிடுவார்கள். இன்னொன்று, அதிர்வெண்ணை இரண்டு மடங்காக்கினால் மூன்று திசையிலும் காலத்திலும் கட்டம் பாதியாகும், கணக்கு 16 மடங்காகும்.

இவ்வளவும் செய்து, உள்ளே கொடுத்த வேகம் தப்பென்றால்? அங்கேதான் முழு அலைவடிவத் தலைகீழாக்கம் வருகிறது. துறையில் எஃப்.டபிள்யூ.ஐ. என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸில் பணியாற்றிய லாய்யி, தரன்தோலா என்ற விஞ்ஞானிகள் இதற்குக் கணித அடித்தளம் போட்டார்கள். ஒரு வேகப் படத்தை ஊகித்து, அதில் வெடி வைத்தால் என்ன பதிவு வரும் என்று கணினியில் உண்டாக்கி, உண்மைப் பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்படி வேகத்தைத் திருத்தித் திருத்திப் போவது.

இது அழகாகத் தோற்கும் இடம் ஒன்று உண்டு. ஊகித்த அலை உண்மை அலையிலிருந்து அரைச்சுற்றுக்கு மேல் விலகியிருந்தால், கணினி தப்பான மேட்டோடு இதைப் பொருத்திவிடும். சட்டைப் பட்டன் ஒன்று தள்ளிப் போட்ட மாதிரி, கடைசிவரை எல்லாம் பொருந்தியதுபோலவே தெரியும். 10 ஹெர்ட்ஸில் அரைச்சுற்று 50 மில்லி வினாடி, 3 ஹெர்ட்ஸில் 167. எனவே மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கினால் ஊகம் கொஞ்சம் தப்பாயிருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஏர் கன்னில் அந்தத் தாழ்ந்த பகுதி பலவீனம் என்பதால், பிபி அதற்கென்றே வுல்ஃப்ஸ்பார் என்று ஒரு தனி அதிர்வுக் கருவியை உருவாக்கியது.

நார்வேயின் வல்ஹால் வயலில் 2003 முதல் கடலடியில் நிரந்தரக் கேபிள்கள் கிடக்கின்றன. அந்தப் பதிவில் இந்த முறையை ஓட்டியபோது, அதுவரை மங்கலான மேகமாகத் தெரிந்த வாயுப் பகுதி கிளை கிளையாகப் பிரிந்து தெரிந்தது. கடலடிக்குச் சற்றுக் கீழே பழைய ஆற்றுக் கால்வாய்களும் எழுந்து வந்தன. 2017இல் அட்லாண்டிஸில் கூடுதலாக 20 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பதை இந்த வழியில் அடையாளம் கண்டதாக பிபி அறிவித்தது. இருப்பதாகத் தெரிவது வேறு, எடுப்பது வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு என்றார்கள். பிறகு பேச்சையே காணோமே? — வாசகர், யாழ்ப்பாணம்

கெய்ர்ன் லங்கா நிறுவனம் ஜப்பானின் சிக்யூ கப்பலைக் கொண்டுவந்து தோண்டியதில், டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு தெரிந்தது. வேறு கிணறுகள் வறண்டன. நிறுவனம் 2015இல் விலகியது. ஆழ்கடலில் எரிவாயு எடுப்பதற்கு ஆகும் செலவும் விலையும் தனிக் கதை.

படமெடுப்பதில் உள்ள சிக்கலை மட்டும் சொல்கிறோம். மன்னார்ப் படுகையில் வண்டலுக்கு இடையே எரிமலைப் பாறை அடுக்குகள் உண்டு. எரிமலைக் குழம்பு ஒரே கட்டியாக உறையாது. கெட்டி, சிதைந்த பகுதி, மறுபடி கெட்டி என்று மாறி மாறி அடுக்கும். உயர்ந்த அதிர்வெண்கள் அதற்குள் எதிரொலித்தே செத்துவிடும், தாழ்ந்தவை மட்டும் கடந்துபோகும். எனவே கேபிளை ஆழமாக இழுக்க வேண்டும். கடல் மேற்பரப்பும் ஒரு கண்ணாடிதான். அங்கே பட்டுத் திரும்பும் அலை சில அதிர்வெண்களை அழிக்கும். கேபிள் 8 மீட்டர் ஆழத்தில் என்றால் அழிவது 94 ஹெர்ட்ஸ், 25 மீட்டரில் என்றால் 30 ஹெர்ட்ஸ். ஆழம் கூடினால் தாழ்ந்தவை வலுக்கும், ஆனால் நடுவில் ஓட்டை விழும். அழுத்தத்தையும் அசைவையும் சேர்த்துப் பதியும் இரட்டை உணரிக் கேபிள் 2007இல் வந்த பிறகு அந்த ஓட்டையை அடைக்க முடிகிறது.

திமிங்கிலங்கள் பாதிக்கப்படாதா? — மாணவி, தூத்துக்குடி

பாதிக்கப்படும். ஏர் கன் 2000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டு) அழுத்தக் காற்றைச் சட்டென்று விடுவது, அதுவும் பத்து வினாடிக்கு ஒருமுறை, வாரக்கணக்கில். பிரிட்டன் விதிகளின்படி 500 மீட்டர் வட்டத்துக்குள் கடல் பாலூட்டிகள் உண்டா என்று குறைந்தது 30 நிமிடம் கண்காணிக்க வேண்டும். பிறகு 20 நிமிடமாவது மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்ட வேண்டும். இரவிலும் மூடுபனியிலும் கண்ணால் பார்க்கும் காவல் எவ்வளவு பலிக்கும் என்பது நியாயமான கேள்வி. நீரடி ஒலிவாங்கியும் கூட இருந்தால்தான் அந்தக் காவலுக்கு அர்த்தம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நிலவியலாளர் எதற்கு? — சேலம் வாசகர்

பாறைப் பிளவுகளைக் கோடு போடுவது, உப்பின் எல்லையை வரைந்து காட்டுவது இரண்டிலும் அது கில்லாடி. வாரக்கணக்கான வேலை மணிக்கணக்காகிறது. ஆனால் கப்பல் போன தடம் படத்தில் கோடாகப் பதிந்திருந்தால் அதையும் பிளவு என்றே சொல்லும். அந்தக் கோடுகள் எல்லாம் கப்பல் போன திசையிலேயே இருக்கின்றனவே என்று சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டும்.

நான் இயற்பியல் முதுகலை மாணவன். என்னிடம் 8 ஜிபி லேப்டாப் மட்டும் இருக்கிறது. ரிவர்ஸ் டைம் மைக்ரேஷனைச் செய்து பார்க்க முடியுமா? — திருச்சி

தாராளமாக. பிரான்ஸ் பெட்ரோலிய நிறுவனம் 1988இல் உருவாக்கிய மார்மூசி என்ற கற்பனைப் பூமி இலவசமாகக் கிடைக்கிறது. 9.2 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் ஆழம், வேகம் 1500 முதல் 5500 வரை. பைத்தானில் எழுத, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்த டெவிட்டோ என்ற மென்பொருள் போதும். அதுவும் இலவசம்.

கட்டம் 10 மீட்டர் வையுங்கள்: 920 × 300, அதாவது 2,76,000 புள்ளிகள். காலப் படியில்தான் பலர் விழுகிறார்கள். சாதாரண சூத்திரத்துக்கு உச்சவரம்பு, 10ஐ 5500ஆலும் பிறகு 1.414ஆலும் வகுத்தால் 1.29 மில்லி வினாடி. உயர்வரிசைச் சூத்திரம் என்றால் வரம்பு இன்னும் இறங்கும். 0.8 வைத்தால் நிம்மதி. மீறினால் சில படிகளிலேயே எண்கள் வெடித்து, திரை முழுவதும் வெறுமையாகிவிடும். வெடி அலையின் உச்ச அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் போதும், கூட்டினால் கட்டத்தையும் நெருக்க வேண்டும்.

4 வினாடி ஓட்ட 5000 படிகள். எல்லாவற்றையும் சேமித்தால் 5.5 ஜிபி, உங்கள் லேப்டாப் மூச்சுத் திணறும். ஐந்து படிக்கு ஒன்று சேமியுங்கள், 1.1 ஜிபியில் முடியும். ஓரங்களில் 40 புள்ளி அகலத்துக்கு அலையை உறிஞ்சும் பட்டை வையுங்கள். இல்லையென்றால் பெட்டிச் சுவரிலிருந்து வரும் எதிரொலி பாறைபோல நடிக்கும். நேராக வந்த முதல் அலையைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டுப் பின்னோக்கி ஓட்டுங்கள். 100 மீட்டருக்கு ஒரு வெடி, மொத்தம் 92. மேல்பகுதியில் புகைபோலக் கறை படியும். லப்லாசியன் வடிகட்டி போட்டால் போகும்.

படம் வந்ததும், வேகத்தை 5 சதவீதம் கூட்டி மறுபடி ஓட்டுங்கள். பிளவு முனைகளில் சிரித்த வாய்போல வளைவுகள் மேல்நோக்கி முளைக்கும். 5 சதவீதம் குறைத்தால் அதே வளைவுகள் உதடு பிதுக்கியதுபோலக் கீழ்நோக்கித் தொங்கும். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.